எழுபது கிலோ பனித்துளி

"…பனித்துளின்னா எப்படிப்பா? அறுபத்தி ரெண்டு வருசம் இருந்த மனுசன். எழுபது கிலோ இருப்பாரு. நாலு பேரு தூக்கிட்டுப் போயி எறக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுபோச்சுன்னாங்க. அவுரப் போயி பனித்துளியாம், புல்லு நுனியாம்!"

முதலியார்பேட்டையில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் வாசற்படியில் நின்றுகொண்டு ஓர் அக்கா இப்படிக் கேட்டார். கையில் போன வருஷத்துக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், நாலாய் மடித்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாய் நினைவில்லை. மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலை ஏழரை மணி, தெருவில் பனி இன்னும் கலையவில்லை. எதிர்க்கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கிறது, தூக்குகிற ஆள் தெரியவில்லை.

முதலாளி பாய் குரங்குக் குல்லாவுக்கு மேலே ஒரு மப்ளரும் சுற்றிக்கொண்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். குல்லாவுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "கவிஞரே, உம்ம வாசகர் வந்திருக்காங்க. பதில் சொல்லும்."

அந்த நோட்டீஸில் இருந்த பாட்டை எழுதியது நான்தான்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஈய எழுத்துக் கோர்க்கப் போன இடத்தில்தான் மிச்ச எழுத்தைக் கற்றுக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதையும் தட்டித் தட்டிப் பழகினேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கடைத் திறப்பு எல்லாம் அடிப்போம். ஆனால் எங்கள் அச்சகத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சாவு நோட்டீஸ்தான். ஓவல் வடிவில் போட்டோ, தோற்றம், மறைவு, கீழே பிள்ளைகள் பேரன் பேத்திகள் பெயர். நடுவில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். "அங்க நாலு வரி சோகமா போட்டுக் குடுப்பா" என்பார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் நான் கவிஞன்.

கார்த்திகை முடிந்ததும் எனக்கு வேலை கூடிவிடும். மார்கழியும் தையும் வயசானவர்களுக்கு ஆகாத மாதங்கள். நெஞ்சுச் சளி, இளைப்பு, ராத்திரி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று தினம் ஒரு வீட்டிலிருந்து வருவார்கள். நம்மூர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால், பிரான்ஸிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் அரைக்கைச் சட்டையோடு பீச்சில் நடப்பார்கள். பக்கத்திலேயே நம்மாள் காதில் பஞ்சும் கழுத்தில் துண்டுமாக நடுங்கிக்கொண்டு போவார். போகட்டும். குளிர் கொஞ்சமாக இருந்தாலும் அது செய்கிற வேலையைச் செய்யத்தானே செய்கிறது. மழை விட்டு, காற்று வடக்கே திரும்பிய அன்றைக்கே மனசு எதையோ தேட ஆரம்பித்துவிடும். எங்கள் முனை டீக்கடைக்காரர் சொல்வார், "மார்கழியில டீ ஆறுறதுக்கு முன்ன மனசு ஆறிப்போவுதுப்பா." கீரை விற்க வருகிற அம்மா இன்னும் ஒரு படி மேலே. "பனியில நடந்து வந்தா முன்னால போறவன் எல்லாம் செத்துப்போன எம் மாமனாட்டமே தெரியறான்" என்று சொல்லிவிட்டு, "அந்தக் கெழவன் உசுரோட இருந்தப்ப முன்னால போனதே இல்ல, தின்னு தின்னு படுத்துக்கினு இருப்பான்" என்பார்.

இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் விடமாட்டேன். அச்சகத்தில் கழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைப்பேன். வாடைக்காற்றைப் பிரிவுக்கென்றே ஒதுக்கி வைத்தார்களாம் அந்தக் காலத்துப் புலவர்கள். யாரோ மேடையில் சொல்லக் கேட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அவர்களும் நம் கீரைக்காரம்மா மாதிரி விடியற்காலையில் பனியில் நடந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பாருங்கள், இத்தனை பேச்சைச் சேர்த்து வைத்தவன், நோட்டீஸுக்கு எழுதும்போது மட்டும் ஆளே மாறிவிடுவேன். சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அக்கா வந்ததற்கு முந்தின குளிர்காலத்தில் நான் எழுதியது இது:

பனித்துளியாய்ப் பூமிக்கு வந்தாய்
பகலவன் முகம்கண்டு மறைந்தாய்
புல்லின் நுனிகூட அழுகிறதே
போன இடம்தான் சொல்வாயோ

எழுதிய அன்றைக்கு எனக்கே பிடித்திருந்தது. கேட்டவர்களுக்கும் பிடித்தது. பிடித்ததால் அடுத்தவருக்கும் போட்டேன். அதற்கடுத்தவருக்கும். அந்த மார்கழியில் எங்கள் அச்சகத்துக்கு வந்த அத்தனை பேரும் பனித்துளிதான். ரிக்ஷாக்காரர் பனித்துளி, மில்லில் இருந்து ஓய்வு பெற்ற மேஸ்திரி பனித்துளி, ஏழு பிள்ளை பெற்ற அம்மாளும் பனித்துளி.

அதில்தான் இந்த அக்காவின் வீட்டுக்காரரும் மாட்டிக்கொண்டார். தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மருமகன் வந்து, "நல்லதா ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் போட்டேன். ஒன்பது நாள் கழித்து அதே ஊரிலிருந்து இன்னொரு சாவு. அவருக்கும் போட்டேன். அவர் முன்னவரின் பங்காளி என்பதோ, ஒரு வரப்புத் தகராறில் இரண்டு பேரும் பதினெட்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதோ எனக்கு எப்படித் தெரியும்? தவளக்குப்பம் ஜங்ஷன் சுவரில் இரண்டு நோட்டீஸையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். ஒரே ஓவல், ஒரே பனித்துளி, ஒரே புல் நுனி.

"ஊரே நின்னு படிச்சிச்சு" என்றார் அந்த அக்கா. "ஒரு வரப்புக்கு ஒத்துக்காதவங்க ஒரு பாட்டுக்கு ஒத்துக்கினாங்களேன்னு கிண்டல் பண்ணானுங்க. கருமாதி வூட்டுல எனக்கு அழறதா, சிரிக்கறதான்னு தெரியல."

பாய் குல்லாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தப்புதாங்க்கா. உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்ததும் கோபம் இறங்கிவிட்டது அவருக்கு. சண்டைக்கு வந்தவர் இல்லை அவர். முதலாம் ஆண்டு நினைவுநாள் அடுத்த வாரம் வருகிறது, அதற்கு நோட்டீஸ் வேண்டும். சுவரில் ஒட்ட வேண்டாம். நாற்பது போதும்.

"நாப்பதா? நாப்பது யாருக்கு?" என்று பாய் கேட்டார்.

"நாப்பது வூட்டுக்கு பாய்."

அவருடைய வீட்டுக்காரர் முப்பது வருஷம் டவுனுக்குப் பால் கொண்டுவந்தவர். விடிவதற்கு வெகு முன்னாலேயே கறந்து, இரண்டு கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கடலூர் ரோடு பிடித்து, ஆற்றுப்பாலம் தாண்டி, புல்வாருக்குள் வருவார். நாலு பக்கமும் பெரிய சாலை சுற்றிவரும் பழைய டவுனை நாங்கள் புல்வார் என்றுதான் சொல்வோம். அங்கே நாற்பது வீடு. அவர் இறந்த மூன்றாம் நாளே வேறொருவர் அந்த லைனை எடுத்துக்கொண்டார். வீடுகளுக்குப் பால் நிற்கவில்லை. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"போன ஆடி மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு அந்தத் தெரு வழியா நடந்து போறேன்" என்றார் அக்கா. "அவுருக்குக் காய்ச்சல் வந்தா நான்தான் சைக்கிள தள்ளிக்கினு வருவேன், அதனால ஒரு அம்மாவுக்கு என்னைத் தெரியும். கூப்ட்டு, ‘உங்க வூட்டுக்காரரு வேற லைனுக்கு மாத்திக்கிட்டாரா, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே'ன்னு கேக்குது. சும்மா தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். மாத்திக்கினாருன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. கோவிச்சிக்கினு போயிட்டாருன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

"இந்த வாட்டி போட்டோவப் பெருசா போட்டுடலாம்க்கா" என்றேன்.

"போட்டோவ வெச்சி இன்னா பண்றது? அவுரு மூஞ்சிய யாரு பாத்தா? இருட்டோட வருவாரு, தலையில முண்டாசு, வாய் வரைக்கும் துண்டு. பேரு? பேரு ஒரு வூட்டுக்கும் தெரியாது. பால்காரரு, அவ்ளோதான்." நோட்டீஸின் நடுவில், என் பாட்டு இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க நீ போடறதுலதான் தெரியணும், இது அவுருதான்னு. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ எழுதி வாசிச்சிக் காட்டு. நான் சொல்றேன்."

முகமும் உதவாது, பெயரும் உதவாது. என் நாலு வரியை நம்பி ஒரு மனிதரை நாற்பது வீட்டுக்கு அனுப்பப் போகிறார். அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. பேனாவைத் திறந்தேன்.

வாடைக் காற்றே, வாடைக் காற்றே, எங்கள் வாசல் தீபத்தை எங்கே கொண்டுபோனாய் என்று ஆரம்பித்தேன்.

"காத்த எதுக்கு இழுக்கற? அது பாட்டுக்கு அடிச்சிக்கினு போவுது. நெஞ்சு வலியில போனாரு அவுரு."

வெண்பனி போன்ற வெள்ளை உள்ளமே என்று மாற்றினேன்.

"வெள்ளை உள்ளமா? யாருக்கு? எம் புருசனுக்கா?" அக்கா பாயைப் பார்த்தார். "கோவம் வந்தா தட்டு பறக்கும் பாய் எங்க வூட்டுல. நல்லவருதான். வெள்ளை எல்லாம் இல்ல. ஒரு மாதிரி மாநிறம்."

மூன்றாவதாக, மௌனத்தின் மடியில் உறங்கும் மாமனிதரே என்றேன். அக்கா எழுந்து போய், பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாய்தான் சொன்னார், "கவிஞரே, மாமனிதர் தூங்கிட்டாரு. ஆள மாத்தும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவை மூடிவிட்டு, டீக்கடையில் கேட்பது போலக் கேட்டேன். "அக்கா, அவுரு என்னதான் பேசுவாரு? அந்த வீடுகள்ல போயி என்ன சொல்வாரு?"

"பேச்சா? அது ஓயாது அவுருக்கு. மார்கழியில அந்நேரத்துக்கு யாரு முழிச்சிக்கினு இருப்பாங்க? கோலம் போடற பொம்பளைங்கதான். சைக்கிள ஸ்டாண்டு போடும்போதே, ‘கோலத்துல ஒரு புள்ளி கொறயுது'ம்பாராம். அந்தம்மா பதறிப்போயி எண்ணும். எல்லாம் சரியா இருக்கும். தெனம் சொல்வாரு, தெனம் எண்ணுமாம்." சொல்லும்போதே முகம் லேசாகிவிட்டது. கையால் பால் ஊற்றுவது போலக் காட்டிக்கொண்டு தொடர்ந்தார். "பால் தண்ணியா இருக்குதேன்னு கேட்டா, ‘ராத்திரி பனி எறங்கியிருக்கும்மா, மாடே நனைஞ்சிதான் நிக்குது, பாலு மட்டும் எப்படி இருக்கும்'ன்னுவாரு. முப்பது வருசமா இதே பதில்…"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பாய் சத்தமாகச் சிரித்துவிட்டார். நான் கழித்த தாளை எடுத்துக் கிடுகிடுவென்று எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, இத எழுதிடாத. செத்த மனுசன்மேல தண்ணி ஊத்தனாருன்னு பழி வந்துடும். வேணாம்."

"ஊத்துவாரா இல்லியா?" என்றார் பாய், வம்பாக.

அக்கா தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெருவில் பனி விலகி, எதிர்க்கடைக்காரர் முகம் தெரிய ஆரம்பித்திருந்தது.

"பனிக்காலத்துல மாடு சரியா கறக்காது பாய்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நாப்பது வூடு. ஒரு வூட்டுக்கு இன்னைக்கு இல்லன்னு சொல்லணும். அவுருக்கு அந்த வார்த்தை வாயில வராது. கேனப் பாத்துக்கினு நிப்பாரு. நேரம் ஆவுதேன்னு நான்தான் தண்ணிய ஊத்துவேன். அவுரு திரும்பி நின்னுக்குவாரு. பாத்தா வேணாம்னு சொல்லணுமே." பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார். "ஊத்தனது நானு. நாப்பது வாசல்ல பேச்சு வாங்கனது அவுரு. ஒருநாளு கூட எம் பொண்டாட்டிதான் ஊத்தனான்னு சொன்னதில்ல. பனி, பனின்னே சொல்லிட்டுப் போயிட்டாரு."

பாய் குல்லாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே தடவிக்கொண்டிருந்தார். நான் எழுதியதை என்ன செய்வது என்று தெரியவில்லை. "நாளைக்கு வர்றேன்" என்று அக்கா எழுந்து போய்விட்டார். எழுதலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு நான் எழுதிய அத்தனை பனித்துளிகளையும் நினைத்தேன். குளிர் வந்தால் சோகம் வருகிறது, சோகம் வந்தால் பாட்டு வருகிறது, அது உண்மைதான். ஆனால் என் பாட்டில் குளிர்தான் இருந்தது, குளிரில் நடந்த ஆள் இல்லை. பனி, வாடை, புல், நிலவு எல்லாவற்றையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். செத்தவருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் நான் கடை திறப்பதற்கு முன்பே அக்கா வந்து படியில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். தலையில் போட்டிருந்த துண்டின் நூல் நூலாகப் பனி பூத்திருந்தது.

"எழுது" என்றார். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அந்தப் பேச்ச எடுத்துட்டா அவுருகிட்ட வேற ஒண்ணும் இல்ல. எம்மேல வந்தா வருது."

அவர் சொன்னதோடு கடைசி இரண்டு வரியை மட்டும் சேர்த்து, தாளில் இருந்தபடியே வாசித்தேன்:

பால் தண்ணியா இருக்குதேன்னு கேட்டீங்க
பனி எறங்கியிருக்கும்மான்னு சொன்னாரு
இந்த மார்கழிக்கும் பனி எறங்குது
சொல்லத்தான் அவரு இல்லை

"இன்னொரு வாட்டி வாசி" என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை வாசிக்கும்போது அவர் உதடும் கூடவே அசைந்தது. "ம். இது அவுருதான்" என்றார். அழவில்லை. மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டார். நான் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது பேச்சு வழக்கைத் திருத்தி, இருக்கிறதே, சொன்னார் என்று மாற்றலாமா என்று ஒரு நிமிஷம் கை துறுதுறுத்தது. பாய் பின்னால் வந்து நின்று, "தொட்டீர்னா கைய ஒடிப்பேன்" என்றார்.

"தம்பி, அதுக்குக் கீழ, தண்ணி ஊத்தனது நான்தான்னு எம் பேரோட போட முடியுமா?" என்று கேட்டார் அக்கா. அதுமட்டும் எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகள், மருமகன் பெயரெல்லாம் வருகிற இடம், அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தயங்கினேன். "சரி வுடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

நினைவுநாளுக்கு முதல்நாள் விடிந்தும் விடியாமல் நோட்டீஸ் வாங்க வந்தார். நானும் கூடப் போனேன். ஏன் என்று கேட்டால், என் பாட்டை ஒருவர் படிக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. சுவரில் ஒட்டுகிறார்கள், போகிறவர் வருகிறவர் படிக்கிறார்கள், அதோடு சரி. வண்டியின் பின்னால் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு, பனிக்குள் ஹார்ன் அடித்துக்கொண்டே புல்வாருக்குள் போனேன்.

முதல் வீடு ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டம்மா கம்பளி ஸ்வெட்டரோடு வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருந்தார். அக்கா கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று, ஒன்றும் சொல்லாமல் ஒரு நோட்டீஸை நீட்டினார். அந்தம்மா முதலில் போட்டோவைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. பெயரைப் பார்த்தார். தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நடுவில் படித்தார். இரண்டாவது வரியில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"மோன் தியே, கடவுளே… நம்ம பால்காரரா? எப்ப?"

"போன மார்கழியிலம்மா. லைன் மாத்திக்கினு போவல. உங்ககிட்ட கோவிச்சிக்கவும் இல்ல."

அந்தம்மா கோலப்பொடி ஒட்டிய கையோடு அக்காவின் தோளைத் தொட்டார். "எத்தனை நாள் திட்டியிருக்கேன் அவர, தண்ணி கலக்குறீங்கன்னு… பாவம், பனின்னே சொல்லுவாரு."

"ஊத்தனது அவுரு இல்லம்மா, நானு" என்றார் அக்கா. "திட்டறதா இருந்தா இப்ப திட்டிடுங்க, நான் நிக்கறேன்."

நின்றார். அந்தம்மா திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அக்கா வரவில்லை என்று தலையசைத்தார். மிச்ச நோட்டீஸை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னை அங்கேயே இருக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தனியாக நடந்து போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.